நான் அளக்காத மழை

கண்ணு, நீ சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருக்கிறாய். மத்தியானம் மூன்று மணி. கூடத்தில் உன் பெட்டி பாதி நிரம்பித் திறந்து கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, ரயில்வே காலனிப் பக்கம், பஞ்சுப் பொதி மாதிரி மூன்று மேகங்கள் நகராமல் நிற்கின்றன. திங்கட்கிழமை சாயங்காலம் விழுப்புரம் ஜங்ஷனில் நீ ரயில் ஏறிவிடுவாய். கடலோரத்தில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வானிலையியல் படிக்கப் போகிறாய். அதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. நேரில் சொல்ல நாலு நாளாகப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சாம்பார் போடட்டுமா, போர்வை எடுத்து வைத்தாயா என்று வேறு எதையோ கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு இடம் கிடைத்த செய்தி கேட்டு கெடாரிலிருந்து உன் தாத்தா வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். ஒரு பை வேர்க்கடலையைக் கொண்டுவந்து, "மல்லாட்டைம்மா" என்று வாசலில் இறக்கினார். உட்கார்ந்து காபியை வாயில் வைத்தவரிடம் நீ சொன்னாய்: "எங்க அம்மாவ நிறுத்தன மாதிரி என்ன நிறுத்த முடியாது தாத்தா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஏன்ப்பா நிறுத்தறேன். நீ போ, நல்லா படி" என்றார். மீதிக் காபியைக் குடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு, ரயில் ஏறுவதற்கு முன் கெடாருக்குப் போய் அவரிடம் சொல்லிக்கொண்டு வா என்றேன். "அவுருகிட்ட எதுக்கும்மா சொல்லிக்கினு போவணும்? உனக்குக் கெடைக்காததத்தான் நான் வாங்கிக்கினு போறேன்" என்றாய். உன் அப்பாவும் தலையாட்டினார். அவருக்கும் இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அதுதான். அம்மாவுக்கு எம்.எஸ்ஸி. வானிலையியலுக்கு இடம் கிடைத்தது, தாத்தா விடவில்லை.

கண்ணு, தாத்தா என்னை நிறுத்தவில்லை. அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை. அந்தக் கதை நான் சொன்ன பொய். எப்படிச் சொன்னேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். அவசரப்படாமல் படி.

நான் திண்டிவனத்தில் அத்தை வீட்டில் தங்கிப் பதினோராம் வகுப்பு படித்தபோதுதான் தென்னாற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். 1993. பள்ளி நூலகத்தில் இருந்த மேப் புத்தகம் பழையது. அதில் அந்தப் புதிய எல்லை இல்லை. செய்தித்தாளில் வந்திருந்த தாலுகாப் பெயர்களை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் மத்தியான இடைவேளையில் உட்கார்ந்து, என் சொந்த அட்லஸில் சிவப்புப் பென்சிலால் அந்தக் கோட்டை நானே போட்டேன். கோடு போட்டு முடித்த அன்று, ஒரு மாவட்டமே என் கைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதன் பிறகு என்ன படிக்கப் போகிறாய் என்று யார் கேட்டாலும் புவியியல் என்பேன். "அத படிச்சா இன்னா ஆவ?" என்று அத்தை கேட்பாள். "மழ எப்ப வரும்னு சொல்லுவேன் அத்த." "அத எங்க வூட்டு எறும்பே சொல்லுதுடி." அத்தைக்கு என்மேல் பிரியம் அதிகம். பிரியத்தை எல்லாம் இப்படித்தான் காட்டுவாள்.

கல்லூரிக்குத் திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தேன். அந்த மூன்று வருடத்தில் புத்தகத்தில் படித்ததைவிட ஜன்னலில் படித்ததுதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. மதுராந்தகம் ஏரி வரும்போது வண்டி கொஞ்சம் மெதுவாகும். அல்லது மெதுவாகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். ஏரி நிறைந்திருந்தால் ஒரு வானம், வற்றியிருந்தால் ஒரு வானம். மேகங்களுக்கு ஆங்கிலத்திலும் லத்தீனிலும் பெயர் வைத்திருக்கிறார்கள், நீயும் படித்திருப்பாய். அந்தப் பெயர்களை முணுமுணுத்தபடி வருவேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பூக்கார அம்மா நான் ஸ்லோகம் சொல்வதாக நினைத்து, "எந்த சாமிக்கும்மா?" என்று கேட்டாள். நீ படிக்கப் போகும் இடத்தில் எல்லாம் கம்ப்யூட்டரில் வரும் என்று சொன்னாய். வரட்டும். ஆனாலும் காலையில் பல் விளக்கும்போது ஒருதரம் வெளியே வந்து மேலே பார். திரையில் இருப்பதும் மேலே இருப்பதும் ஒன்றுதானா என்று உன் கண் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசி வருடம் ஒரு ஆய்வு செய்ய வேண்டும். நான் ஐப்பசி கார்த்திகை மழையை எடுத்துக்கொண்டேன். கடலுக்குக் கிட்டத்தில் திண்டிவனம், உள்ளே தள்ளி கெடார். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி மழைமானி வைத்து, அந்தப் பருவம் முழுக்க தினமும் அளந்து, வித்தியாசம் பார்ப்பது. எங்கள் துறையில் இருந்த சார் சந்தோஷப்பட்டு இரண்டு மழைமானிகளைக் கொடுத்தார். ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளை, அவ்வளவுதான். "எந்த நேரத்துல அளந்தாலும் சரி, ரெண்டு ஊர்லயும் தினம் அதே நேரம் அளக்கணும். அளக்கலன்னா அந்தக் கட்டத்தை காலியா வுடணும். சைபர் போடக் கூடாது. சைபர்னா நீ போய்ப் பாத்த, மழை இல்லன்னு அர்த்தம்" என்றார். திண்டிவனத்தில் அத்தை வீட்டு மொட்டை மாடியில் ஒன்றை வைத்தேன். கெடாரில் நம் கிணற்று மேட்டில் இன்னொன்றை வைத்தேன். கெடாரில் அளந்தது உன் தாத்தா.

அவருக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும், எண்கள் நன்றாக வரும். காலை ரேடியோவில் செய்தி தொடங்கும்போது இரண்டு பேரும் அளப்பது என்று பேசிக்கொண்டோம். அத்தை வீட்டில் அந்தக் குரல் கேட்டதும் நான் மாடிப்படி ஏறுவேன். அதே நொடியில் அங்கே அவர் கிணற்று மேட்டில் ஏறிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அத்தனை தூரத்தில் இரண்டு பேர் ஒரே வானத்துக்குக் கீழே குனிந்து, கண்ணாடிக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குள் ஏதோ மிதக்கிறது. அவர் நோட்டை மாதம் ஒருமுறை பார்ப்பேன். ஒரு நாள்கூட விடவில்லை. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் எண் இல்லை. அதில் கோணல் எழுத்தில், "ஆடு தள்ளிடுச்சி. தெரியாது" என்று இருந்தது.

என் நோட்டு அப்படி இல்லை. கார்த்திகை பிறந்த சமயம், மரக்காணத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து படிக்க வந்த செல்வி என்ற சிநேகிதி, "கடல்ல மழ பேயறத பாத்துக்கிறியா நீ? வா" என்று கூப்பிட்டாள். சனி ஞாயிறு மட்டும் என்று போனேன். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. கண்ணு, அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்? உப்பளங்கள் எல்லாம் தண்ணீர் நிறைந்து ஒரே கண்ணாடியாகக் கிடந்தன. மேலே ஓடும் மேகம் காலடியிலும் ஓடியது. கடலில் தூரத்தில் சாம்பல் நிறத் திரை ஒன்று தொங்கும். அது மெதுவாக நடந்து வரும், நடந்து வந்து முகத்தில் அடிக்கும். நான் ஈரப் பாவாடையோடு வெளியே நின்றுகொண்டே இருப்பேன். படகெல்லாம் மேட்டில் ஏற்றியிருந்ததால் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். செல்வியின் அம்மா கேட்பார்: "ஏய் செல்வி, இன்னாடி உன் சிநேகிதி மழய இப்படி வேடிக்க பாக்குது? அவங்க ஊர்ல பேயாதா?" செல்வி சொல்வாள்: "பேயும்மா. இது பாட்டில்ல புடிச்சி வச்சிக்கும்." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆறாம் நாள் ரோடு திறந்துவிட்டது. பஸ் ஓடியது. நான் போகவில்லை. ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். அளக்க வேண்டிய மழையை விட்டுவிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து மாடிக்கு ஓடினேன். பாட்டில் கவிழ்த்து வைத்திருந்தது. அத்தை, "அது ரொம்பி வழிஞ்சிக்கினு இருந்துச்சிடி. கொசு வரும்னு நான்தான் கவுத்துட்டேன். ஏன், வெளிய தண்ணிக்கா பஞ்சம்?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நான் அவளுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. ஒன்பது கட்டங்களைக் காலியாக விட்டிருக்கலாம். அதற்குத்தான் சார் அத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் அந்தப் பருவத்தின் பெரிய மழையே அந்த ஒன்பது நாளில்தான் பெய்திருந்தது. அது இல்லாமல் என் ஆய்வில் ஒன்றுமே இல்லை. கெடாருக்குப் போய் அப்பாவின் நோட்டை எடுத்துவந்தேன். அவர் எழுதிய ஒவ்வொரு எண்ணோடும் கொஞ்சம் கூட்டினேன், ஒரு நாள் கொஞ்சம் குறைத்தேன், உண்மை மாதிரி இருக்கட்டுமென்று. மழையில் நனைந்து அவர் அளந்த அளவுகளுக்கு மேல் உட்கார்ந்து, உலர்ந்த அறையில் நான் ஒன்பது நாள் மழை செய்தேன். "ஆடு தள்ளிடுச்சி. தெரியாது" என்ற பக்கத்தை அன்று தாண்டித்தான் போனேன். என் கை நிற்கவில்லை.

இரண்டு நோட்டையும் வைத்து நான் போட்ட வரைபடத்தைச் சார் பார்த்துவிட்டுத் துறை முழுக்கக் காட்டினார். "பாருங்க, ரெண்டு ஊர் மழையும் எப்படி ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்குது!" ஏறாமல் என்ன செய்யும், ஒன்றைப் பார்த்துத்தானே இன்னொன்றை வரைந்தேன். அவராகவே விண்ணப்பம் வாங்கி வந்து, சிபாரிசுக் கடிதமும் எழுதி, வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வானிலையியலுக்கு என்னை விண்ணப்பிக்கச் செய்தார். இடம் கிடைத்தது. வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. சேரும்போது ஆய்வின் மூலக் குறிப்பேடுகளை நேரில் கொண்டுவர வேண்டும். இப்போது யோசித்தால், யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருப்பார்கள். ஆனால் அந்த இரண்டு நோட்டுகளையும் ஒரே மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாரிடம் உண்மையைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. அவர் அறை வாசலில் நின்று, "எங்க அப்பா வேணாங்கறாரு சார்" என்றேன்.

அதை அவர் அப்படியே நம்பினார். அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஏன், எப்போது, என்ன சொன்னார் என்று ஒரு கேள்வி இல்லை. கிராமத்துப் பெண், அப்பா விடவில்லை. அந்த நாளில் அதைவிடச் சுலபமாக நம்பக்கூடிய பொய் எங்கள் ஊர்ப் பெண்களிடம் வேறு இல்லை. "நான் வந்து பேசட்டுமா?" என்று மட்டும் கேட்டார். "வேணாம் சார், கோவப்படுவாரு" என்றேன். கோபப்படவே தெரியாத மனிதரைப் பற்றி அப்படிச் சொன்னேன். கெடாரில் அப்பாவிடம், "எனக்கு அங்கல்லாம் போவ இஷ்டமில்லப்பா" என்றேன். அவர் "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார். என் அம்மாவுக்கு அப்போது உடம்பு முடியாமல் இருந்தது, நான் அதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். ஒரு மாதம் கழித்து, சார் மூலம் விஷயம் அத்தைக்குப் போய், அவள் கெடாருக்கே வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணா, அறிவிருக்கா உனக்கு? பொண்ணுக்கு அவ்ளோ தூரம் எடம் கெடச்சிருக்குது, ஏன் தடுத்த?" நான் அங்கேதான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன், நாங்கள் கேப்பை என்போம். அவர் என்னைப் பார்த்தார். நான் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆமா. இன்னா இப்ப? வுடு" என்றார்.

அந்த "ஆமா"வில்தான் நான் இத்தனை வருடம் குடியிருந்தேன். கல்யாணம் பேச வந்தபோது உன் அப்பாவிடம் அத்தை அதைப் பெருமையாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சரான பிறகு என் மாணவிகளிடம் நானே சொன்னேன், நீங்களாவது விட்டுக்கொடுக்காதீர்கள் என்று. உனக்கு ஆறு வயதிருக்கும், மாடியில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு மேகங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். "இவ்ளோ தெரிஞ்சும் நீ ஏன்மா டி.வி.ல மழ சொல்லல?" என்றாய். "தாத்தா வுடலடா" என்றேன். வாயில் அது தானாக வந்தது. அப்போது உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்கு நீ அவர்மேல் கொண்ட கோபத்தில்தான் இத்தனை நன்றாகப் படித்தாய் என்றுகூட எனக்குள் ஒரு சமாதானம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தபோது அது போய்விட்டது.

நேற்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, உன்னிடம் சொல்லாமல் கெடாருக்குப் போனேன். அவர் வேர்க்கடலை விதைப்புக்குப் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம?" என்றார். எதிரில் உட்கார்ந்து நானும் பருப்பு பொறுக்கியபடி எல்லாவற்றையும் சொன்னேன். மரக்காணம், ஒன்பது நாள், அவர் நோட்டைப் பார்த்து எழுதியது, சாரிடம் சொன்னது. அவர் கை நிற்கவேயில்லை. முடித்தபோது, "இல்லியே" என்றார்.

"இன்னாப்பா இல்ல?"

"நான் வேணாம்னு சொன்னேனேம்மா."

"நீங்க சொல்லலப்பா."

"சொன்னேன்ம்மா. உங்க அம்மா படுத்துக்கினு இருந்தா. நீ கெணத்து மேட்டுல நின்னுக்கினு இருந்த. அவ்ளோ தூரம் வேணாம்மான்னேன். நீ ஒண்ணும் பேசாம போய்ட்ட. எனக்கு இன்னிக்கும் கண்ணுல இருக்குது."

"அப்படி நடக்கவே இல்லப்பா."

அவர் என்னைப் பார்த்தார். தொலைந்த எதையோ தேடுகிற பார்வை. "அப்ப மனசுல நெனச்சது இருக்கும்" என்றார். "நெனச்சேன். போவாத, பக்கத்துலயே இருன்னு நெனச்சேன். சொல்லல போல."

கண்ணு, நான் செய்த ஒன்பது நாள் மழை ஒரு நோட்டோடு நின்றது என்றுதான் நினைத்திருந்தேன். அது இல்லை. அவர் சொல்லாத ஒரு வார்த்தையை எல்லோரும் சேர்ந்து அவர் வாயில் எழுதி, கடைசியில் அவருக்கே அது ஞாபகமாகிவிட்டது. செய்யாத தவற்றுக்கு இருபது வருடத்துக்கு மேல் மனதுக்குள் வருத்தப்பட்டிருக்கிறார். உன் பரீட்சை ஒவ்வொன்றுக்கும் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்வாரே, அது எதற்கென்று நேற்றுத்தான் கேட்டேன். "உனக்குச் செஞ்சத அவனுக்கும் செஞ்சிடக் கூடாதுன்னு" என்றார்.

நீ படிக்கப் போகிற படிப்பில் இது நடக்கும். பார்க்காததைப் பார்த்ததாக எழுத ஒரு நாள் உனக்கும் கை வரும். அதிலும் எல்லோரும் பாராட்டக் காத்திருக்கும்போதுதான் வரும். அப்போது அது ஒரு சின்ன எண்ணாகத்தான் தெரியும். அது யார் தலையில் போய்ப் பெய்யும் என்று நமக்குத் தெரியாது. இதற்கு மேல் உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

என்மேல் கோபப்படு. ரயிலில் போகும் வழியெல்லாம் கோபப்பட்டுக்கொண்டே போ. ஆனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் கெடாருக்குப் போய்விட்டு வா. மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம், அவருக்கு அது பேஜாரு. உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டு, போய்ட்டு வர்றேன் தாத்தா என்று சொன்னால் போதும்.

நேற்று அவர் என்னை பஸ் ஏற்ற ரோடு வரைக்கும் நடந்து வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத அவன்கிட்ட சொல்லாதம்மா. நான் சொன்னதாவே இருக்கட்டும். கோவத்துல போறவன் நல்லாப் படிப்பான். அம்மாவ தப்பா நெனச்சிக்கினு அவ்ளோ தூரம் போவக் கூடாது, புள்ள. சொல்லாத, வேணாம்" என்றார். பஸ் வந்து நின்றது. நான் சரி என்று சொல்லாமலே ஏறிவிட்டேன். என் அப்பா வாழ்நாளில் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது இது ஒன்றுதான். அதை மீறித்தான் இந்தக் கடிதத்தை உன் பெட்டியில், சட்டைகளுக்கு மேல், நீ வந்ததும் கண்ணில் படும்படி வைக்கிறேன்.

அம்மா